என்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது

ஒருவர், "2015ல் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டத் தெரியாமல் கோல்ஃப் மைதானத்தில் கொண்டுபோய் மோதினார், சின்ன விமானத்தில் என்ஜின் நின்றால் கல் மாதிரி விழும்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

ஹாலிவுட் நடிகரான ஃபோர்டு அன்று ஓட்டியது 1942ல் செய்த ரையன் பிடி-22 என்ற சின்ன விமானம். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் மேலேறிய கொஞ்ச நேரத்தில் என்ஜின் சக்தி இழந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குள், எரிபொருளை அளந்து விடும் 'ஜெட்' என்ற சின்ன பாகம் மரை கழன்றுவிட்டதால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்ததுதான் காரணம் என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியமே சொல்லிவிட்டது. ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்தார், எட்டவில்லை, வழியில் மர உச்சியில் உரசி பென்மார் கோல்ஃப் மைதானத்தில் இறங்கினார். பலத்த காயம், ஆனால் உயிர் தப்பினார். (2017ல் ஓடுபாதை என்று நினைத்து டாக்ஸிவேயில், அதாவது விமானங்கள் தரையில் ஊர்ந்து போகும் பாதையில், இறங்கினாரே, அது அவர் தவறுதான். இதையும் அதையும் குழப்பாதீர்கள்.)

அப்புறம் அந்தக் கல் கதை. செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள், என்ஜின் அடியோடு நின்றாலும் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி சுமார் 65 நாட் (மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர்) வேகத்தைப் பிடித்து வைத்தால், காற்று இல்லாத நாளில் 1 கிலோமீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் மிதந்து போகும். பதறிப்போய் மூக்கைத் தூக்கி வேகத்தை இழந்தால்தான் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கைகள் தூக்கும் சக்தியை இழந்து, நிஜமாகவே விழும்.