முழு மனதோடுதான் ஆதரிக்க வேண்டுமா?

நெருக்கமானவர் திடீரென்று நல்ல வேலையை விட்டாலோ, கல்யாணமே வேண்டாம் என்றாலோ, நாம் நினைத்தே பார்க்காத ஒருவரைத் துணையாகத் தேர்ந்தெடுத்தாலோ முழு மனதோடு ஆதரிக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்த 'முழு மனதோடு' என்பதில்தான் எனக்கு இடிக்கிறது. மகளோ தம்பியோ வந்து சொன்ன அன்றைக்கே யாருக்கும் மனசு முழுசாக வராது, வந்த மாதிரி நடிக்கவும் வேண்டாம். 'எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும், ஆனா உன்கிட்ட பேசறதை நிறுத்த மாட்டேன்' என்றால் போதும். பெரும்பாலும் அவர்கள் மாதக்கணக்கில் யோசித்து முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள், நாம் அப்போதுதான் கேள்விப்படுகிறோம், உடனே பணம், பாதுகாப்பு, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்துவிடுகிறோம் (அந்த நாலு பேரை யாரும் பார்த்ததில்லை!). தடுத்தால் பிடிவாதம் கூடும் என்பது வெறும் அனுபவப் பேச்சு இல்லை; தன் சுதந்திரம் பறிபோவதாகத் தோன்றினால் மனிதர் அதையே இறுகப் பிடிப்பார் என்று ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-லேயே கோட்பாடாக எழுதினார். அப்புறம் அவர்களுக்கே சந்தேகம் வந்தாலும் பின்வாங்க முடியாது, நாம் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே. ஆனால் அடி, மிரட்டல், ஏமாற்று இருக்கும் உறவு என்றால் கதை வேறு, அங்கே நாகரிகம் பார்த்துச் சும்மா இருக்காதீர்கள்.