மூன்று இரவுகள்

அம்மாவின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. கையில் பணம் இருந்தது. மருத்துவமனையும் பெரம்பூரிலிருந்து அரை மணி நேரத் தொலைவுதான். தம்பியை மூன்று இரவு விட்டுவைக்க ஓர் இடம்தான் இல்லை.

தம்பிக்கு 41 வயது. டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வரும் அறிவுசார் குறைபாடு. ‘குழந்தை மாதிரி’ என்பார்கள் உறவினர்கள்; அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. காலை எட்டு மணிக்கு இட்லி வேண்டும். மாலையில் வாசலில் நின்று 29சி பஸ்களை எண்ணுவான், கணக்குக் குறைந்தால் போக்குவரத்துக் கழகத்தின் மேல் வர வேண்டிய கோபம் எங்கள் மேல் வரும். அன்பைக் காட்ட நெற்றியோடு நெற்றி முட்டுவான், பலமாக. கண்ணில் கட்டும் மருந்துமாக இருக்கும் 74 வயதுக்காரிக்கு அந்த அன்பு ஆகாது. சிகிச்சை முடிந்து அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார்கள். வீட்டில் இவன் இருக்கிறானே!

அவனுக்குச் சவரம் செய்துவிடுவதும் அம்மாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது தாடைக்குக் கீழே மெல்லிய ரத்தக் கோடு. “ஆடிவிட்டான்” என்றாள் அம்மா. அவன் ஆடியிருக்க மாட்டான், சவரத்தின்போது சிலை மாதிரி உட்காருவான். அம்மாவுக்குக் கண் தெரியவில்லை.

இடம் தேடிப் புறப்பட்டேன். முதலில் வீட்டிலேயே ஆள் வைக்கலாமா என்று பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 900 ரூபாய் கேட்டார்கள், வரும் ஆளுக்கு இப்படிப்பட்டவர்களோடு பழக்கம் இல்லை. தமிழ்நாடு அரசு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. நன்றியோடு வாங்கிக்கொள்கிறோம். இரண்டு நாள் ஆளுக்குச் சரியாகப் போகும்.

அடுத்து ஹோம்கள். ஒன்றில் எட்டு லட்சம் முன்பணம், சேர்த்தால் ஆயுளுக்கும் சேர்க்க வேண்டும். “மூன்று நாளெல்லாம் வைத்துக்கொள்வதில்லை அம்மா, மற்றவர்களின் பழக்கம் கெட்டுவிடும்.” இன்னொன்று செங்கல்பட்டு தாண்டி வயல்வெளியில் இருந்தது. காற்றோட்டம், மாமரம் எல்லாம் உண்டு. ஐம்பது கட்டில்களும் இரும்புக் கதவும் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு பஸ் கிடையாது. மாலை ஐந்தரைக்கு இவன் எதை எண்ணுவான்?

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஐந்தாம் பிரிவு: சமூகத்தோடு வாழ்வது இவர்களின் உரிமை. இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தாமல் இருக்க அரசு முயல வேண்டும். அதற்கும் முன்பே, 1999இல், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. குடும்பம் மூச்சு வாங்கிக்கொள்ளச் சில நாள் பார்த்துக்கொள்வதற்கு அதில் ‘சமர்த்’ என்று ஒரு திட்டம். பெரியவர்கள் ஆயுளுக்கும் தங்குவதற்கு ‘கரௌந்தா’. இந்தியில் சின்ன வீடு என்று பொருளாம். அப்படியே தமிழில் சொன்னால் வம்பு. இப்போது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். திட்டங்களின் பெயர் எனக்கு மனப்பாடம். பெரம்பூரில் அவை எந்தக் கதவு எண்ணில் இருக்கின்றன என்று கேட்டால்தான் எல்லாரும் மௌனமாகிவிடுகிறார்கள்.

பெற்றோர் கூடும் இடங்களிலெல்லாம் ஒரே கேள்விதான்: ‘எங்களுக்குப் பிறகு யார்?’ எனக்கு அந்தக் கேள்வி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அம்மா இருக்கும்வரை ஒரு நாள்கூட விலகாமல் இருந்துவிட்டு, அவள் போன வாரத்தில் அவனைப் பெட்டியோடு ஓர் ஐம்பது கட்டில் அறையில் கொண்டுபோய் விடுவதற்குப் பெயர் ஏற்பாடா? அம்மாவையும் வீட்டையும் 29சியையும் ஒரே வாரத்தில் இழப்பான். அம்மா நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு நான்கு முறை, மூன்று மூன்று இரவாக வெளியே தங்கிப் பழகினால் அவனுக்கு அது இன்னொரு வீடாகும். அம்மாவுக்கும் முதுகு நிமிரும்.

பெரிய வளாகம் கேட்கவில்லை. சென்னை மாநகராட்சியை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மண்டலத்துக்கு ஒரு வாடகை வீடு. நான்கைந்து பேர், ஒழுங்கான சம்பளத்தில் ஆட்கள், எப்போதும் ஒரு கட்டில் காலியாக, மூன்று இரவுக்காரர்களுக்கு. பஸ் ஓடும் தெருவில். இப்படிப்பட்டவர்களுக்கு யார் வாடகைக்கு வீடு கொடுப்பார்கள் என்று கேட்காதீர்கள், அந்தச் சண்டை எனக்குத் தெரியும். அரசு பெயரில் ஒப்பந்தம் போட்டால் கொடுப்பவர்கள் இருப்பார்கள்.

“கூடப் பிறந்தவள் நீ இருக்கிறாயே!” என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இருக்கிறேன். தாம்பரத்தில், படுக்கையில் இருக்கும் மாமியாரோடும் ஒரு வேலையோடும். கேட்டவர்களில் ஒருவராவது ஓர் இரவு அவனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டதாக நினைவில்லை.

கடைசியில் கைகொடுத்தது, அவனோடு சிறப்புப் பள்ளியில் படித்த ஒருவனின் அம்மா. “கொண்டு வந்து விடு, என் பையனுக்கும் துணையாயிற்று” என்றார். முதல் இரவு தம்பி பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தே தூங்கினானாம். இரண்டாம் நாள் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தானாம், எங்கள் வீட்டில் ஒரு நாளும் செய்யாத வேலை. நான்காம் நாள் காலை கூட்டிவரப் போனேன். இருவரும் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து “நாளைக்கு” என்றான்.

அம்மாவிடம் சொன்னேன். கண்ணை மறைத்த பச்சைத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து, “நான் இல்லாமல் தூங்கினானா?” என்று கேட்டாள். தூங்கினான் என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

இடது கண்ணுக்குத் தை மாதத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் போன வாரம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவர் பையனை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.