"வரும்" என்றான், அவ்வளவுதான்

என் தம்பிக்கு 23 வயது. ஆட்டிசம். அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் தம்பி அருவாமனையைப் பழைய துண்டில் இறுக்கிச் சுற்றிப் பரண்மேல் ஏற்றுவான். அப்புறம் ஸ்டூலையும் வாசலுக்குக் கொண்டுபோய்விடுவான். ஒரு வருஷமாக இப்படித்தான். ஏன்டா என்றால் பதில் வராது.

போன மாதம் தூக்கம் வரவில்லை என்று ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். "யாரையாவது குத்தணும், கொல்லணும்னு நினைப்பு வருமா?" என்றார். "வரும்." "யாரை?" "அம்மாவை." முகம் மாறவில்லை, குரல் ஏறவில்லை, கண் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டில். ஐந்தே நிமிஷத்தில் 'கொலை எண்ணம் உண்டு' என்று சீட்டில் ஏறிவிட்டது. ஆட்டோ வீடு வந்து சேரும்வரை அம்மா வாயே திறக்கவில்லை.

வீட்டில் நான் கேட்டேன், அந்த நினைப்பு வந்தா உனக்கு எப்படிடா இருக்கும்? "வயிறு கலங்கும்க்கா. அதான் மேல வெக்கிறேன்."

இந்த ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

கேட்டதற்கு உள்ளதைச் சொல்கிற பிள்ளை அவன். நாமெல்லாம் "ச்சே, அப்படியெல்லாம் இல்ல டாக்டர்" என்று சமாளித்துவிடுவோம். வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்து விழுகிற, நினைத்தவரையே நடுங்க வைக்கிற எண்ணம் ஓசிடி என்கிற மனநலக் கோளாறில் வருவது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஓசிடி மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது. கத்தியை ஒளிப்பதும் அதோடு சேர்ந்ததுதான். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. அவனுக்கு எழுதியதோ ரிஸ்பெரிடோன் என்கிற மனநல மருந்து. அமெரிக்காவில் 2006-ல் ஆட்டிசத்துக்காக அதை அனுமதித்தது பிள்ளைகளின் எரிச்சலுக்கும் ஆத்திரத்துக்கும். இவனுக்கு இருப்பது ஆத்திரம் இல்லை, பயம்.

கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாகக் கேட்க வேண்டும். நிஜமாகவே கோபமும் திட்டமும் இருக்கிறவர்களும் உண்டு, அதைக் கண்டுபிடிக்கத்தானே போகிறோம். ஆனால் நினைப்பு வேறு, செய்ய வேண்டும் என்ற ஆசை வேறு. முகத்தைப் பார்த்து அதை அளந்தால், உள்ளே இருப்பது முகத்தில் தெரியாத ஆட்டிசம் உள்ளவர்கள் பலரும் மாட்டிக்கொள்வார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அதற்குள்ள சில விலக்குகளில் ஒன்று, அடுத்தவருக்கு ஆபத்து என்றால் வெளியே சொல்லலாம் என்பது. அந்த ஆபத்தை முடிவுசெய்வது இப்படி ஐந்து நிமிஷத்தில் எழுதின வரி என்றால், அடுத்த முறை எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

வியாழக்கிழமை வேறு மருத்துவரைப் பார்க்கிறோம். அந்த நினைப்பு எப்போது வருகிறது, வந்தால் என்ன செய்கிறான் என்று தம்பியே நோட்டில் எழுதியிருக்கிறான். முதலில் அதைப் படியுங்கள் என்று கேட்கப்போகிறேன்.