இல்லாத கியருக்கு ஒரு ஓட்டை

கார் உள்ளலங்காரக் கடையில் என் வண்டிக்குப் புதுசாகத் தைத்த கார்பெட்டில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். நடு டனல், அதாவது தரை நடுவில் நீளமாக எழும்பியிருக்கும் மேட்டின் மேலே, முன் சீட்டுக்கு எதிரில், டீ கிளாஸ் அகலத்துக்கு, வட்டமாக. சும்மா கிழித்துவிடவில்லை. சுற்றிலும் கறுப்பு ரெக்சினில் பார்டர் கொடுத்து, நெருக்கமாகத் தையல் போட்டு, கல்யாண ஜாக்கெட்டுக்குக் கழுத்து வைப்பதுபோல வைத்திருக்கிறார்கள். எதற்கு? கியர் ராடுக்காம்.

என் வண்டி 76 மாடல் அம்பாசடர், மார்க் 3. அதற்குக் கியர் ஸ்டியரிங்கில் இருக்கிறது. அப்பா வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது, எங்கேயும் போகவில்லை. நான் அதைப் போட்டுத்தான் கடை வாசல் வரை ஓட்டி வந்தேன். பிறகு உள்ளே ஓட்டி நிறுத்தியது கடைப் பையன்தான். எந்தக் கியரைப் போட்டுத் தம்பி நகர்த்தினாய்?

“இந்த ஓட்டை எதுக்குண்ணே?” என்றேன்.

“கியருக்கு சார்.”

“கியர் எங்க இருக்கு?”

கடைக்காரர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். மறுபடி ஓட்டையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்த பார்வையில், தப்பு வண்டியை எடுத்து வந்தவன் நான்தான் என்பதுபோல ஒரு வருத்தம் இருந்தது. “அம்பாசடருக்கு இதான் சார் பேட்டர்ன்” என்றார்.

தொண்ணூறுகளில் இசுசு 1800 இன்ஜினோடு வந்த அம்பாசடருக்குத்தான் தரையில் கியர். அதற்கு வெட்டிய அளவு அட்டை ஒன்று கடை ஆணியில் தொங்குகிறது. வெளியில் அம்பாசடர் என்று யாராவது சொன்னால் உள்ளே அந்த அட்டை இறங்குகிறது. வண்டியே கண்ணெதிரில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, ஏழு வாரமாக நின்றது. ஏழு வாரம்! “ஒரு வாரத்துல முடிச்சுடலாம் சார்” என்று சொன்னதும் இதே வாய்தான்.

அளவுக்காகவே பழைய கார்பெட்டைப் பத்திரமாகக் கழற்றிக் கொடுத்திருந்தேன். எந்தத் துண்டு எங்கே, எந்தப் பக்கம் மேலே, எங்கே ஓட்டை என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதி. புதுசு உட்காரும்வரை பழசைத் தூக்கிப் போடக் கூடாது என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. “பழசு எங்கண்ணே?” “அது குப்பை சார், அன்னைக்கே போட்டாச்சு.”

டாப் லைனிங்கும் இதே கதைதான். கூரைத் துணியைத் தாங்கும் கம்பிகளில் ஒன்றின் வளைவு இன்னொன்றுக்கு இருக்காது. கழற்றும்போதே நம்பர் போட வேண்டும். இவர்கள் எல்லாவற்றையும் உருவி, முருங்கைக்காய்க் கட்டுபோலச் சணல் கயிற்றில் கட்டி மூலையில் சாத்திவிட்டார்கள். இப்போது பின் சீட்டுக்கு மேலே துணி தொட்டில் மாதிரி தொங்குகிறது. “வெயில்ல நிறுத்துங்க, இழுத்துக்கும்” என்கிறார். அதே வெயிலில்தான் கதவோரக் கார்பெட் மொத்தமும் பிய்த்துக்கொண்டு வந்தது. பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். டப்பாவிலேயே போட்டிருக்கிறான். ஆனால் இவர்கள் தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல ஒரு பக்கம் மட்டும் ஊற்றி, ஈரத்தோடு அப்பியிருக்கிறார்கள். நாற்றம் வேறு. என் மனைவி ஏறிய வேகத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனாள்.

டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க அட்டையை, பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹார்ட்போர்டுக்குப் பின்னால் பாலிதீன் ஷீட் வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீரில் அப்பளம் மாதிரி உப்பிவிடும் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் “வச்சுடலாம் சார்.” வைக்கவில்லை. அதற்கான கிளிப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் நான் அலைந்தது தனி. வாங்கிக் கொடுத்த கிளிப் அப்படியே பாக்கெட்டோடு டேஷ்போர்டில் இருக்கிறது. டோர் பேடில் இருப்பது மரத் திருகு. என் வண்டிக் கதவில், வெளியே தலை தெரிய, மரத் திருகு!

இதெல்லாம்கூடப் பொறுக்கலாம். நேற்று ராத்திரி நடந்ததைக் கேளுங்கள்.

பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்தபோது இருட்டிவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வருகிறேன். பெருங்களத்தூர் தாண்டி எதிரில் ஒரு லாரி லைட் அடிக்கிறான். சரி, டிம் பண்ணுவோம் என்று இடது கால் பழக்கத்தில் கிளட்சுக்குப் பக்கத்தில் போகிறது. இந்த வண்டிக்கு டிம்மர் சுவிட்ச் தரையில், காலால் மிதிப்பது. மிதித்தேன். மெத்தென்று இருந்தது. மறுபடி மிதித்தேன். மெத். குதிகாலால் இடித்தேன். எங்கோ பாதாளத்தில், ஒரு அடுக்கு ஃபெல்ட்டுக்கும் ஒரு அடுக்கு கார்பெட்டுக்கும் கீழே, அந்தச் சின்னக் குமிழ் உயிரோடு புதைந்து கிடக்கிறது.

இல்லாத கியருக்கு பார்டர் வைத்த ஓட்டை. இருக்கிற டிம்மருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஹைபீமிலேயே ஒரு கிலோமீட்டர் வந்திருப்பேன். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் என் குடும்பத்தை நலம் விசாரித்தார்கள். ஒரு பைக்காரர் வண்டியை நிறுத்தியே விசாரித்தார். ஓரங்கட்டினேன். அங்கே கொய்யாப்பழம் விற்ற ஒரு அம்மாவிடம் கத்தி கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பெடலுக்கடியில் தலையை விட்டு அறுக்க ஆரம்பித்தேன்.

“என்னாத்தப்பா அறுக்குற?”

“கார்பெட்டும்மா.”

“புதுசா இருக்கே?”

“ஆமாம்மா. இன்னைக்குத்தான் போட்டது.”

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கத்தியில் இருந்த உப்பும் மிளகாய்த்தூளும் கிளட்சைச் சுற்றி அப்பியிருக்கிறது. காலையில் துடைத்தேன், போகவில்லை. சிவப்பாகக் கறை.

அம்பாசடர் என்ற பெயரை மட்டும் 2017-ல் ஒரு பிரெஞ்சு கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். வெறும் பெயர். எனக்கு அதில் ஒரு பைசா வேண்டாம். வண்டியைப் பார்த்துத் துணி வெட்டத் தெரிந்த ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள், போதும்.

இன்று காலை கடைக்குப் போன் போட்டேன். ஓட்டையைப் பற்றி ராத்திரி முழுக்க யோசித்திருப்பார் போல, எடுத்ததும் சொன்னார்: “சார், அது வீணா போகாது. கப் ஹோல்டரா வச்சுக்கலாம்.”

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, போகிற வழியில் ஒரு டீ வாங்கி, சும்மா வைத்துத்தான் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அந்த ஏழு வாரத்தில் அவர்கள் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஆனால் அந்த டீ! கண்ணாடி கிளாஸெல்லாம் எங்கேதான் போனது? 15 ரூபாய் வாங்கிக்கொண்டு விரல்கடை அளவு பேப்பர் கப், அதில் பாதி நுரை, மூன்றாவது மடக்குக்கு அடியில் ஊறி ஒழுகுகிறது. கிளாஸில் கொடுங்கள் என்றால், கழுவ ஆள் இல்லையாம்.