பசுமை விழாவுக்கு ஃபிளெக்ஸ் பேனர்

கல்லூரியில் பசுமைக் கலைவிழா நடத்துகிறோமாம். வாசலில் என்ன தொங்குகிறது? பிவிசி ஃபிளெக்ஸ்! அதில் கொட்டை எழுத்தில் 'நெகிழியைத் தவிர்ப்போம்'. துணியில் எழுதலாமே என்றால், "சீஃப் கெஸ்ட் முகம் பளிச்சுனு தெரியாதும்மா" என்கிறார் சார். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பெல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், டீ அதில்தான் ஓடுகிறது.

தன்னார்வலர்கள் கதை தனி. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் தூக்காத ஆளே கிடையாது. விழாவன்று நாற்காலி தூக்கத்தான் ஒருத்தரும் இல்லை. பறையாட்டக் குழு வந்து இறங்கி நிற்கிறது, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க நாதியில்லை. டீ-ஷர்ட் பெட்டியைப் பிரித்தால் மட்டும் எங்கிருந்துதான் முளைப்பார்களோ! "அக்கா, எனக்கு எல் சைஸ். அப்புறம், ஓ.டி. உண்டுதானே?" வேலையே செய்யாத டியூட்டிக்கு, வகுப்புக்கு வராமலே வருகைப்பதிவு தரும் ஆன் டியூட்டி!

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பச்சையும் நீலமுமாகத் தொட்டி வைத்தோம். இரண்டிலும் பிரியாணி. கையுறை மாட்டி எலும்பு பொறுக்கியது யார்? சுற்றுச்சூழல் மன்றச் செயலாளராகிய நான்தான். பதவி என்றால் சும்மாவா?

இதில், "அடுத்த வருஷம் ரெண்டு நாளா நடத்தலாமா?" என்று கேட்கிறார்கள்.