விளையாட்டுக்கும் டைம்டேபிளா?

பிள்ளை வெளியே போய் விளையாடுகிறதா என்று கேட்டால், "ஓ, நீச்சல் கிளாஸ் போகிறானே, பேட்மிண்டன் கோச்சிங்கும் இருக்கு" என்று பதில் வருகிறது. நல்லதுதான், ஆனால் நான் கேட்டது அதை இல்லை. கோச்சிங்கில் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று விசில் வைத்திருப்பவர் சொல்கிறார். பிள்ளைகள் தாங்களே கூடி, சண்டை போட்டு, பாதியில் விதியை மாற்றி, "நீ அவுட்", "இல்லவே இல்லை" என்று கத்தி, மறுபடி சேர்ந்துகொள்வது வேறு. அதற்கு ஃபீஸும் இல்லை, சான்றிதழும் இல்லை. அதனாலேயோ என்னவோ, பெரியவர்களுக்கு அது வெட்டிப் பொழுதாகத் தெரிகிறது.

கண்ணையே எடுத்துக்கொள்வோம். கிட்டப்பார்வை வந்தால் பழி முழுவதும் செல்போன் தலையில் விழுகிறது. வெளிச்சக் குறைவை யாரும் பேசுவதில்லை. விளக்குப் போட்ட அறைக்குள் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). உச்சி வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மர நிழலில்கூட அறையைவிடப் பல மடங்கு. நல்ல வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரப்பது கூடுகிறது, கிட்டப்பார்வை வரும்படி கண் அளவுக்கு மீறி நீண்டுபோகாமல் அது தடுக்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது சுமார் 30 சதவீதம் பேருக்கு. வழக்கம்போல நடந்த பள்ளிகளில் சுமார் 40. இந்த முடிவு 2015இல் வெளியானது. ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இதனால் பவர் ஏறாது என்று நம்பிவிட வேண்டாம். வராமல் தள்ளிப்போடத்தான் இது அதிகம் உதவுகிறது.

மண்ணில் புரண்டால் கிருமி ஒட்டும் என்பவர்களுக்கு ஒரு பின்லாந்து செய்தி. அங்கே சில பகல்நேரக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து போட்டார்கள். ஒரே மாதத்தில் குழந்தைகளின் தோலில் வாழும் பாக்டீரியாக்களின் வகை கூடியது, நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சில அளவுகளும் நல்ல பக்கம் நகர்ந்தன.

சரி, விழுந்து அடிபட்டால்? மரம் ஏறும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். அடுத்த கிளையில் காலை வைத்து, முழு எடையையும் போடாமல் லேசாக அழுத்திப் பார்க்கும். கிளை வளைந்தால் காலை இழுத்துக்கொண்டு வேறு கிளை தேடும். சரியாக அந்த நொடியில் கீழேயிருந்து "பார்த்துடா, விழுந்துடாதே!" என்று கத்துகிறோம். கிளையில் இருந்த கவனம் நம் முகத்துக்கு வந்துவிடுகிறது. வண்டி பறக்கும் சாலையில் விடச் சொல்லவில்லை, ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்கச் சொல்லவில்லை. முட்டிச் சிராய்ப்பையும் அவற்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்கிறேன்.

பெற்றோரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. காலி இடமெல்லாம் கார் நிறுத்துமிடமாகிவிட்டால் பிள்ளையை எங்கே விடுவது? விளையாட்டு குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொல்கிறது. நகரத் திட்டம் போடுபவர்கள் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை.

அப்புறம் பள்ளிகள். வீட்டுப்பாடம் எழுதவில்லையா, வகுப்பில் ஆடுகிறானா, இடைவேளையில் வெளியே விடாதே! இடைவேளையைத் தண்டனையாகப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளையைத்தான் தேடிப்பிடித்து உட்கார வைக்கிறார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.