நீராகாரம் மாத்திரைக்கு மாற்று இல்லை, அண்ணே

"தினமும் நீராகாரம் குடித்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம், செட்டிநாட்டு ஆச்சிமார் அப்படித்தான் இருந்தார்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அண்ணே. இது தவறு. யாராவது இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நீராகாரம் போன்ற புளித்த உணவு பிரஷரைக் குறைக்குமா என்ற விஷயத்தில் அதிகம் ஆராய்ந்திருப்பது புளிக்கவைத்த பாலை. லாக்டோபேசிலஸ் ஹெல்வெட்டிகஸ் போன்ற பாக்டீரியா பால் புரதத்தை உடைக்கும்போது பெப்டைடுகள் எனும் சிறு புரதத் துண்டுகள் உண்டாகின்றன. ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாக உதவும் என்சைமை அவை ஓரளவு தடுக்கும். அப்படியும் பிரஷரின் மேல் அளவு (சிஸ்டாலிக்) சராசரியாகச் சில புள்ளிகள்தான் இறங்கியது. சில ஆய்வுகளில் அதுவும் இல்லை. சோற்றுத் தண்ணீரில் அந்தப் பால் புரதமே கிடையாது.

அப்புறம் உப்பு. காரைக்குடியில் எங்கள் அப்பத்தா செம்பு நீராகாரத்தில் கல் உப்பை அள்ளிப் போட்டுக் கரைப்பார். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் மாங்காய் ஊறுகாயும். ஒரு நாள் முழுக்கச் சேர்த்தே 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன்கூட வராது! பிரஷர் உள்ளவருக்கு அந்த ஊறுகாய்தான் முதல் எதிரி.

நீராகாரம் தாராளமாகக் குடியுங்கள், உப்பை மட்டும் குறைத்துக்கொண்டு. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். உங்கள் பதிவையும் தயவுசெய்து திருத்திவிடுங்கள், அண்ணே.